கலவாய் ஏன் விழுங்கவில்லை?

வணக்கம் அண்ணை,

முல்லைத்தீவுப் பக்கம் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் மாமா கடலட்டைக்குச் சுழியோடுகிறவர். பவளப்பாருக்குள் பெரிய கலவாய் மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, விரல் நீளத்தில் நீலமும் கறுப்புமாய்க் கோடு போட்ட மீன் ஒன்று உள்ளே போய்ச் செவுள் வழியே வெளியே வந்ததைக் கண்டிருக்கிறாராம். தன்னலமற்ற சேவைக்கு உதாரணமாக இதை வகுப்பில் சொன்னேன். "அப்ப கலவாய் ஏன் சேர் அதை விழுங்கேல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் அந்த மீன் விற்கிறார்கள். பள்ளிக்கூடத் தொட்டிக்கு வாங்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

முதலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். 'சேவை' என்று தொடங்கினால் அவளுடைய கேள்விக்குப் பதிலே கிடைக்காது. இது வியாபாரம்.

மாமா கண்டது துப்புரவு மீன், லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பவளப்பார்களில் வாழ்கிறது. வளர்ந்தாலும் 14 சென்ரிமீற்றர் அளவுதான். மற்ற மீன்களில் ஒட்டி இரத்தம் குடிக்கும் பொடி ஒட்டுண்ணிகளைப் பிடுங்கித் தின்னும். அவுஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா குரட்டர் கணக்கிட்டபோது, ஒரு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 ஒட்டுண்ணிகளைத் தின்றது தெரிந்தது.

ஆனால் அதற்கு ஒட்டுண்ணியை விடப் பிடித்தது, வந்து நிற்கிற மீனின் தோல் மேலுள்ள சீதம், அதாவது வழுவழுப்பான சளி. அதைக் கடித்தால் நோகும். கிளிமீன் போன்றவை சட்டென்று உடம்பை உதறும். இனி இறங்கும்போது அந்த உதறலைக் கவனிக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லுங்கள். அதுதான் களவு நடந்த அடையாளம். உதறிய மீன் பல இடங்களுக்குப் போய்வருகிற வகை என்றால் அடுத்த தடவை வேறொரு துப்புரவு மீனின் 'கடைக்கு'ப் போய்விடும். ஆகவே அப்படிப்பட்ட ஆட்களுக்கு வரிசையில் முதலிடம். போக்கிடமில்லாத உள்ளூர் மீன் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கடித்தவனைத் துரத்துவது மட்டுமே அதன் கையில் இருக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கடி குறையும். எகிப்தின் ராஸ் முகமட் கடலுக்கடியில் ஆய்வாளர் ரெடுவான் பிஷரி பொறுமையாக இருந்து பார்த்துப் பதிந்த சங்கதிகளில் இவையும் உண்டு. ஆணும் பெண்ணும் சோடியாக வேலை செய்கையில், பெண் கடித்து வாடிக்கையாளர் ஓடிவிட்டால் ஆண் பெண்ணைத் துரத்தும். நியாயத்துக்காக என்று நினைக்காதீர்கள், தன் சாப்பாடு போய்விட்டதே!

சரி, கலவாய்க்கு வருவோம். அதன் முன்னால் மட்டும் இந்த மீன் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். செட்டையால் அதன் உடம்பைத் தடவிக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். இதே மாதிரித் தடவுகிற ஒரு பொம்மை மீனைச் செய்து வேறொரு பார் மீனிடம் விட்டுப் பார்த்தார்கள். அதன் இரத்தத்தில் பதற்றத்தின்போது சுரக்கும் ஓமோன் குறைந்தது. அப்புறம், விழுங்கினால் கலவாய்க்குக் கிடைப்பது ஒரு வாய்ச் சாப்பாடு. விட்டுவைத்தால் நாளைக்கும் மறுநாளும் செவுள் சுத்தமாகும். பிள்ளைக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

இன்னொன்றும் உண்டு, வகுப்பில் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். இந்தத் துப்புரவு மீன்களில் ஓர் ஆணுக்குக் கீழே சில பெண்கள் இருக்கும். ஆண் செத்தால் பெரிய பெண் சில மணித்தியாலங்களிலேயே ஆண்போல் நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்குள் உண்மையான ஆணாகிவிடும். 1972இல் ரொபர்ட்சன் என்ற ஆய்வாளர் இதை எழுதினார்.

தொட்டிக்கு வாங்க வேண்டாம். அங்கே அதற்குத் தேவையான அளவு ஒட்டுண்ணி கிடையாது. பெரும்பாலானவை மெலிந்து செத்துப்போகும். கடலுக்கும் நட்டம். லிசர்ட் தீவில் சில சின்னப் பார்களிலிருந்து இந்த மீனை எட்டரை வருடம் அகற்றியே வைத்திருந்தபோது, அங்கே மற்ற மீன்களும் குறைந்துபோயின. பள்ளிக்கூடத்துக்கு நல்ல தண்ணீரில் கப்பி மீன் விடுங்கள். முட்டையிடாமல் நேரே குஞ்சு போடும். ஒரு தவணைக்குள் பிள்ளைகள் எண்ணிக் களைத்துப்போவார்கள். மிஞ்சினதைக் கொண்டுபோய்க் குளத்தில் மட்டும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.