சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கிப் போடும் வாரத் திட்டம்

கேள்வி: "சிறு தொழில் நடத்துகிறேன். வாரா வாரம் திட்டமிட வேண்டும், முடிந்த வாரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறேன். மூன்று வாரத்தில் நின்றுபோகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?"

எனக்கும் மூன்று வாரம்தான் கணக்கு. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த வேகத்தில் கைப்பேசியில் செயலி ஒன்றை இறக்கி, அவசரத்துக்குச் சிவப்பு, முக்கியத்துக்கு நீலம் என்று பிரித்துவைத்தேன். மூன்றாம் வாரம் எல்லாமே சிவப்பாகிவிட்டது. அதோடு விட்டேன். இப்போது ஐந்து வருடமாக நிற்காமல் ஓடுவது ஒரு நீள நோட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரமும்தான்.

திருப்பூரில் பதினாறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க்குக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறேன். துணியும் நூலும் லேபிளும் கம்பெனியுடையவை. வெட்டிய பண்டில் எங்களிடம் வரும். தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. இந்த ஊரில் வாரம் என்றாலே சனிக்கிழமை. அன்று மாலை சம்பளம் கொடுத்தாக வேண்டும். டெய்லர், கைமடி (டெய்லருக்குக் கூடமாட உதவுபவர்), செக்கிங் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். வேறு எந்தத் தேதியையும் பேசித் தள்ளிவைத்துவிடலாம், சனிக்கிழமையை முடியாது. பாதி கொடுத்துவிட்டு மீதியைத் திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். திங்கட்கிழமை நான்கு மெஷினில் ஆள் இருக்காது. எதிர்ச்சந்தில் 'டெய்லர் தேவை' அட்டை வருடம் முழுவதும் தொங்குகிறது.

ஆகவே என் திட்டம் திங்கட்கிழமையில் தொடங்குவதில்லை. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதலில் எழுதுவது வருகிற சனிக்கிழமைக்கு வேண்டிய தொகை. அடுத்து, அது எந்தப் பில்லிலிருந்து வரும், யாரிடம் கேட்க வேண்டும், என்றைக்குக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை கேட்டால் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பார்கள். புதன்கிழமை காலையில் கேட்டால்தான் வெள்ளிக்கிழமை மாலைக்காவது வரும். அதனால் புதன்கிழமைக் கட்டத்தில் வேறு எதையும் எழுதுவதில்லை, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான்.

இப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பதினைந்து நாளில் தருவதாகப் பேசிய கூலி என் கைக்கு வர ஐந்து வாரம் ஆகிறது. அதாவது இந்தச் சனிக்கிழமைச் சம்பளம், ஐந்து வாரத்துக்கு முன் நான் அனுப்பிய பீஸ். அந்த வாரம் இரண்டு நாள் தடுமாறியிருந்தால் அதன் வலி இப்போது வருகிறது. அதற்குள் தடுமாறிய காரணம் எனக்கு மறந்துபோயிருக்கும். திரும்பிப் பார்ப்பது என்றால் தியானம் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கூலி தாமதம் பற்றி இடையில் ஒரு சொல். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எழுத்தில் இருக்கிறதே தவிர, வேலை கொடுக்கும் கம்பெனியிடம் வட்டி கேட்டுவிட்டு அடுத்த வாரம் பண்டில் எதிர்பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. நான் சிறு நிறுவனம்தான் என்பதற்கான அரசுப் பதிவு, அதாவது உத்யம் பதிவு எண், என் ஒவ்வொரு பில்லிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஜனவரி வந்ததும் ஞாயிறு நோட்டில் 'யார் யார் பாக்கி' என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே எனக்காகப் பேசுகிறார்.

இனி முடிந்த வாரத்தின் பக்கம். அதில் பத்தி பத்தியாக எழுதுவதில்லை. எந்த மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது, ஏன் என்று ஒரே சொல். 'கரண்ட்', 'ஊசி', 'லேபிள்', 'ஆள்' என்று இப்படித்தான் இருக்கும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு மெஷின் நிற்கும் நேரம் அவருடைய காசு. எனக்கு நஷ்டம் ஐந்து வாரம் கழித்து, அவருக்கு அன்றைக்கே.

ஒரு ஞாயிறு நான்கு பக்கங்களைப் புரட்டியபோது நான்கிலும் செவ்வாய்க்கிழமைக்கு நேராக 'நூல்' என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனியைத்தான் திட்டியிருக்கிறேன், நூல் கோன் குறைத்து அனுப்புகிறார்கள் என்று. நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோதுதான் சந்தேகம் வந்தது, அதெப்படிச் செவ்வாய்க்கிழமை மட்டும்? மறுநாள், ஓவர்லாக் மெஷினில் துண்டுகளை இணைத்த பிறகு பிளாட்லாக் மெஷினில் ஓரம் மடித்துத் தைக்கும் பெரியவரிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "திங்கட்கிழமை ஓவர்லாக் ஓடும், அம்மணி. அதற்கு இருக்கிற கோன் போதும். என் மெஷின் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பிக்கும், அப்போதுதான் மூட்டையைப் பிரிப்பார்கள். பிரித்தால் ஷேடு வேறாக இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலமே நீங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருந்தால் நான் நான்கு நாள் பாதி வேலையோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

கோன் குறையவில்லை. சீட்டில் எழுதிய எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதோடு சரி, உள்ளே என்ன நிறம் என்று நான் பார்த்ததே இல்லை. நான்கு வாரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு முதல் 'சும்மா நின்றது' பக்கத்தைத் திங்கட்கிழமை காலை அவரிடம் ஒருமுறை படித்துக்காட்டிவிடுகிறேன். பாதி நேரம் என் காரணத்தை அடித்துவிட்டு வேறு சொல்கிறார்.

திட்டப் பக்கத்தில் நான் ரொம்ப நாள் செய்த தவறு, ஆறு நாளையும் நிரப்பியது. ஒரு நாளைக்கு 800 பீஸ் ஓடும் என்றால் வாரத்துக்கு 4,800 என்று ஒப்புக்கொள்வேன். அப்படி ஒரு வாரமும் ஓடியதில்லை. இப்போது 4,000க்கு மேல் வாய் திறப்பதில்லை. இதனால் கைவிட்டுப் போன ஆர்டர்களும் உண்டு, வருத்தம்தான். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கான ஜிஎஸ்டி தேதிகள் 11, 20, பிஎஃப், இஎஸ்ஐக்கு 15 என்பவற்றை மாதத்தின் முதல் ஞாயிறே சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் அவற்றைப் பற்றி யோசிப்பதில்லை.

ஏன் ஞாயிறு என்று கேட்பீர்கள். சனிக்கிழமை இரவு சம்பளம் கொடுத்து முடித்த கையோடு எழுதிப் பார்த்தேன். அப்போது எழுதியதெல்லாம் திட்டுதான், திட்டமில்லை. திங்கட்கிழமை காலை என்றால் பண்டில் வண்டி வந்துவிடும். ஞாயிறு ஏழரை மணிக்கு, இரண்டாவது காபிக்கு முன்னால், வீட்டில் யாரும் எழாத நேரம்தான் எனக்குச் சரிப்படுகிறது.

விட்டுப்போகும் வாரங்களும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் நோட்டைத் திறந்ததே இல்லை, போனஸ் கணக்கே போதும் என்று இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போன தென் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். போன வருடப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இந்த வருடம் அந்த வாரத்துக்கு 'பாதி லைன்' என்று முன்பே எழுதிவிட்டேன். விட்ட வாரத்தைப் பிறகு உட்கார்ந்து நிரப்புவதில்லை. வெற்றுப் பக்கமாகவே இருக்கட்டும் என்று தேதி மட்டும் போட்டுத் திருப்பிவிடுவேன்.

எட்டரைக்கு நோட்டை மூடிவிட வேண்டும் என்பது மட்டும் எனக்கு நானே போட்ட கட்டாயம். அதற்குமேல் உட்கார்ந்தால் எங்கள் தெருக் கறிக்கடையில் எலும்புதான் மிஞ்சும்.