கேள்வி–பதில்: கைபேசிச் சந்தையில் நம்புவது யாரை?

'மொபைலில் பொருள் வாங்குவோரின் நம்பிக்கை' என்பது என் எம்.காம். புராஜெக்ட். 'ஆன்லைன் வணிகத்தை நம்புகிறீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலோர் 'ஆம்' என்கிறார்கள். ஆனால், அவர்களே கேஷ் ஆன் டெலிவரியில்தான் வாங்குகிறார்கள். கேள்வித்தாளில் எங்கே கோளாறு?
– மாணவி, திருநெல்வேலி

'நம்பிக்கை' என்ற சொல்லிலேயே. தமிழில் அது டிரஸ்டுக்கும் ஆகும், ஹோப்புக்கும் ஆகும், சாமி நம்பிக்கைக்கும் ஆகும். 'ஏதோ ஒரு நம்பிக்கையில ஆர்டர் போட்டேன்' என்பவரும் 'ஆம்' கட்டத்தில்தான் டிக் அடிப்பார். அந்தச் சொல்லைக் கேள்வித்தாளிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, யாரை என்று பிரித்துக் கேளுங்கள். விற்பவரா, ஆப்பா, பணம் போகும் வழியா, கூரியரா? ஆப்பை நம்பி, விற்பவரை நம்பாதவர்தான் பெரும்பாலும் பொருளைக் கண்ணால் பார்த்த பிறகு காசு தருவேன் என்கிறார். அவர் சொன்ன 'ஆம்' பொய்யல்ல. உங்கள் கேள்விதான் அரைகுறை.

மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் மூவரும் 1995இல் நம்பத்தகுந்த தன்மையைத் திறமை, நல்லெண்ணம், நாணயம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாக்கியங்கள், 5 புள்ளி அளவுகோலில் போதும். 'சொன்ன நாளில் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பார்' என்பது திறமை. 'குறை சொன்னால் தட்டிக்கழிக்க மாட்டார்' என்பது நல்லெண்ணம். 'படத்தில் காட்டியதையே அனுப்புவார்' என்பது நாணயம். 'இந்த ஆப் வேகமானது, பாதுகாப்பானது' என்று இரண்டை ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். 'இல்லை' என்றால் எதற்கு இல்லை?

முதலில் 30 பேரிடம் சோதித்துப் பாருங்கள். வாக்கியங்கள் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று காட்டும் எண் குரோன்பாக் ஆல்ஃபா. அது 0.7க்குக் கீழே போனால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 0.95ஐத் தாண்டினால் மகிழாதீர்கள், ஒரே வாக்கியத்தை வேறு வேறு சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

முக்கியமானது கடைசியில்: கருத்தை மட்டும் கேட்காமல் செய்கையையும் கேளுங்கள். ஆப்பில் 'மை ஆர்டர்ஸ்' பக்கத்தை அவரையே திறக்கச் சொல்லி, கடைசி ஐந்து ஆர்டரில் எத்தனை கேஷ் ஆன் டெலிவரி, எத்தனை ரிட்டர்ன் என்று எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரும் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். வகுப்புத் தோழிகள் நூறு பேரோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கெஃபென், கரஹான்னா, ஸ்ட்ராப் ஆய்வு (2003) ஆன்லைனில் வாங்கிப் பழகியவர்களை வைத்துச் செய்தது. முதல்முறை வாங்கும் அத்தைமார்களுக்கு அதன் முடிவு அப்படியே பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள்.

வாடிக்கையாளர் 'பணம் அனுப்பிட்டேன்' என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். நம்பலாமா?
– மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்

கூடாது. பச்சை டிக்கோடு போலித் திரை காட்டவே ஆப்கள் உண்டு. அவர் கையிலுள்ள திரை அவர் தரப்புச் சாட்சி. உங்களுக்கு வேண்டியது உங்கள் பக்கத்துச் சாட்சி. உங்கள் ஆப்பின் வரவுப் பட்டியலில் தொகையும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட்பாக்ஸ் பேசுவது சர்வரிலிருந்து தகவல் வந்தால்தான், அதனால்தான் அதற்கு மதிப்பு. எஸ்.எம்.எஸ். வந்தால் அனுப்பியவர் யார் என்று பாருங்கள். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வங்கி 'வரவு' செய்தி அனுப்பாது.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை பெட்டிக்கடைகள் வரை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்: பணம் கட்டுபவர், வாங்குபவர் இருவர் போனுக்கும் தனித்தனியே உறுதிச்செய்தி போகும். பேச்சை நம்ப வேண்டிய வேலையே இல்லை.

தினமும் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ராத்திரியில் அதன்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

யூபிஐயில் பணம் கழிந்தது; கடைக்குப் போய்ச் சேரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, தனிநபருக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள், கடைக்கு என்றால் 5 நாளுக்குள் பணம் தானே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண் தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கிடக்கின்றன. அப்படி யாரிடமாவது பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.