பேட்டரி விளக்கு எரிகிறதா? பேட்டரி வாங்குவதற்கு முன்

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். போன மாதம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிக் கடையில் காட்டினேன். "பேட்டரி போச்சு சார்" என்று சொல்லி, பழையதை எடுத்துக்கொண்டு புதியதைப் போட்டார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு. கேட்டால், "பேட்டரியில் குறையில்லை, மாற்றித் தர முடியாது" என்கிறார்கள். என்ன செய்வது? இப்படியே ஓட்டலாமா? – வாசகர், திருச்சி

பதில்: கடைக்காரர் இப்போது சொல்வது அநேகமாக உண்மை. விற்கும்போது சொன்னதுதான் தவறு.

விளக்கில் பேட்டரி படம் இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்பதைச் சொல்லத்தான் அந்த விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால், எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டரில், அதாவது மெக்கானிக்குகள் டைனமோ என்பதில், அல்லது அதைச் சுழற்றும் பெல்ட்டில், அல்லது இடையில் உள்ள ஒயரில் கோளாறு. பேட்டரி மட்டும் பழசாகிப் போயிருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கும். ஓடும்போது இந்த விளக்கு பெரும்பாலும் எரியாது.

ஓட்டலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றும். விளக்கோடு சேர்ந்து ஸ்டீயரிங் கனத்தாலோ, டெம்பரேச்சர் முள் ஏறினாலோ பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மீறி ஓட்டினால் எஞ்சினே கெட்டுவிடும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பக்கத்தில் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். வழியில் எஞ்சினை அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பது நிச்சயமில்லை. இரவில், ஹெட்லைட் போட்டுக்கொண்டு இப்படிப் போவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரணமானது 500 ரூபாய்க்குள் கிடைக்கும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட்டைப் போடுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே விட்டால் உங்கள் புதுப் பேட்டரி சூடேறி வீணாகும். சில புதிய கார்களில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அவற்றில் அளவு கொஞ்சம் ஏறி இறங்குவது கோளாறு அல்ல.

ஆல்டர்னேட்டரைக் கழற்ற விடுவதற்கு முன் இன்னொரு இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் 14.2-ம், பேட்டரியில் 12.4-ம் வந்தால், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. நடுவில் உள்ள ஒயரோ ஃபியூஸோதான் குற்றவாளி. பேட்டரி டெர்மினலில், அதாவது ஒயர் மாட்டும் முனையில், பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தாலும் சார்ஜ் சரியாக ஏறாது. அதைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

ஆல்டர்னேட்டரே சார்ஜ் தரவில்லை என்று தெரிந்தாலும் புதியது வாங்க அவசரப்படாதீர்கள். ஐந்து வருட வண்டியில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். நல்ல எலக்ட்ரீஷியன் அவற்றை மட்டும் மாற்றித் தருவார். புது ஆல்டர்னேட்டர் விலையில் சிறு பங்குதான் ஆகும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். சார்ஜ் இறங்கிய பேட்டரியை வாரண்டியில் குறைபாடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சார்ஜ் ஏற்றித் திருப்பித் தருவார்கள். எனவே வாரண்டியைப் பேசாமல், அளந்து பார்க்காமல் விற்றதைப் பேசுங்கள். எலக்ட்ரீஷியனிடம் வோல்ட் அளவுகளைப் பில்லிலேயே எழுதி வாங்கி, பேட்டரி பில்லோடு கடையில் காட்டுங்கள். பழைய பேட்டரி இன்னும் அங்கே இருந்தால் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். நல்லதென்றால் உங்கள் பக்கம் வலுவாகும். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது மிகவும் கடினம்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணையாமல் நின்றால் டைனமோ நல்லது என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? – வாசகி, ஈரோடு

பதில்: அவரைத் தடுத்துவிடுங்கள். பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் சட்டென்று எகிறும். எஞ்சினை நடத்தும் ஈசியூவும் ஆல்டர்னேட்டரில் உள்ள டையோடும் அதில் போகலாம். ஈசியூ மாற்றும் செலவு புதுப் பேட்டரி விலையைவிடப் பல மடங்கு. மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள்.