காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆன பிறகும் ஆய்வுக்காக மறுபடி ரத்தம் கேட்கிறார்கள், கொடுக்க வேண்டுமா?

கொடுக்கச் சொல்லுங்கள். கும்பப்பூ நெல் நடவு முடிந்த கையோடு அண்ணனுக்குக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் ஆய்வில் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள், முடிவு நெகட்டிவ், ஆள் இப்போது வயலில் இறங்கி வேலை செய்கிறார், அப்புறமும் ஏன் விடாமல் ஃபோன் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டத்தில் லேப் டெக்னீஷியன். இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டார்கள்.

அம்மா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறவர். மழை விட்டதும் வெடிப்பு விழுந்த வெறுங்காலோடு தோட்டத்துக்குள் போவார். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகக்கூடும். இரண்டு வருடம் முன்பு காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தசையில் கை வைக்க முடியாத வலி, கண் சிவந்துபோய்க் கிடந்தார். டாக்டர் அறிகுறியைப் பார்த்தே, முடிவுக்குக் காத்திராமல், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் நெகட்டிவ். அதைப் பார்த்து நானே சற்றுக் குழம்பினேன், தினமும் இந்த டெஸ்டுகளைச் செய்கிறவளாக இருந்தும்.

உண்மையில் குழம்ப வேண்டியதில்லை. டெங்குவுக்கு என்எஸ்1 என்ற டெஸ்ட் இருக்கிறது, அது வைரஸின் புரதத்தையே தேடுவதால் முதல் நாட்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எலிக்காய்ச்சலில் நாம் பெரும்பாலும் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது ரத்தத்தில் தெரியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் மூன்றாம் நாள் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. பாசிட்டிவ் வந்தாலும் சிக்கல்தான், நம் குமரி மாவட்டத்தில் வயலிலும் வாழைத்தோப்பிலும் காலமெல்லாம் ஈரத்தில் நிற்கிறவர்களுக்கு எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சம்கூட அப்படிக் காட்டலாம். இதைப் பிரித்துச் சொல்ல காய்ச்சலின்போது எடுத்தது, குணமான பிறகு எடுப்பது என்ற இரண்டு சாம்பிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, நூறு மடங்கு நீர்த்தபோது வரைதான் எதிர்வினை தெரிந்தது, இரண்டாவதை நானூறு மடங்கு நீர்த்தும் தெரிகிறது என்றால், அந்த நான்கு மடங்கு ஏற்றம்தான் இப்போது வந்தது எலிக்காய்ச்சல் என்பதற்குச் சாட்சி. இதற்காக உயிருள்ள கிருமிகளில் பல வகைகளை வளர்த்து வைத்திருந்து, சீரத்தைக் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எல்லா லேபிலும் முடிகிற வேலை இல்லை. அந்தமானில் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், மையம் இதற்குப் பெயர்பெற்றது.

உங்கள் அண்ணன் போகாவிட்டால் அவர் முதலில் கொடுத்த ரத்தத்தால் மட்டும் வந்தது எலிக்காய்ச்சலா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. எனக்கு இதுதான் மனசு கேட்காத விஷயம். குணமானவர்கள் திரும்பி வராமலே இருந்தால், எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது என்ற கணக்கு குறைந்துதான் தெரியும்.

மருந்து ஆய்வுகளிலும் இப்படித்தான். உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) முற்றிப்போன 794 பேரை வைத்து இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. 28ஆம் நாள் வரை ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார் என்று விடாமல் பார்த்தார்கள். மரணம், ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், டாக்சிசைக்ளின் மட்டும் ஏற்றியவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் என்றால் 48, இரண்டையும் சேர்த்து ஏற்றியவர்களில் 33. வீட்டுக்குப் போன பிறகும் தொடர்பில் இருந்த நோயாளிகளால்தான் இது நமக்குத் தெரியும்.

அம்மாவை நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். இரண்டாவது சாம்பிள் பாசிட்டிவ். அம்மாவுக்கு அதனால் புதிய மருந்து ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தோட்டத்தில் அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்த இரண்டு பேர் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், முதல் நாளே டாக்டரிடம் போய் "ரப்பர் தோட்டத்து வேலை, காலில் வெடிப்பு" என்று சொல்லிக் காட்டினார்கள்.

வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு முழு உரிமை உண்டு, அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் அவரிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு ரத்தம், மிச்சத்தை என்ன செய்வார்கள், முடிவை எப்போது சொல்வார்கள் என்றும் கேளுங்கள். பஸ் காசும், ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டாம், காலையில் சாப்பிட்டுவிட்டே கிளம்பட்டும்.