தோட்டத்தில் ஓடும் டீசல் பிக்கப்புக்கு எந்த கோல்ட் ஏர் இன்டேக் நல்லது: கே அண்ட் என்னா, ஏஎஃப்இயா, திறந்த கூம்பு ஃபில்டரா?

கோல்ட் ஏர் இன்டேக் என்றால் எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துத் தரும் குழாயும் ஃபில்டரும். கே அண்ட் என், ஏஎஃப்இ இரண்டும் அவற்றை விற்கும் நிறுவனங்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றும் வேலை. என் 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப் பாதி நாள் செம்மண் சடக்கில்தான் ஓடும். அதனால் எனக்குக் குதிரைச் சக்தி அப்புறம்தான், முதலில் தூசி.

நான் முதலில் போட்டது எண்ணெய் தடவிய திறந்த கூம்பு. “அண்ணே, வண்டி பறக்கும்” என்றார்கள் பட்டறையில். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் விசில் நன்றாகக் கேட்டது, உண்மைதான். மூன்றாவது மாதம் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் குழாயை விரலால் துடைத்தேன். விரல் சிவப்பாக வந்தது. அந்தத் தூசி டர்போ இறக்கையையும் சிலிண்டரையும் அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இழுவையும் குறைந்திருந்தது. காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாருக்குள் மெல்லிய சூடான கம்பி ஒன்று இருக்கிறது. ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது பறந்து போய்க் கம்பியில் படியும், அதன்மேல் தூசி ஒட்டும். காற்று குறைவாக வருகிறது என்று கணினி நினைத்து டீசலைக் குறைத்துவிடும். மாஃபுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவிய பிறகு சரியானது.

அதோடு, திறந்த கூம்பு பொனெட்டுக்குள் இருக்கும் சூட்டைத்தான் இழுக்கிறது. குளிர்ந்த காற்றே வந்தாலும் டீசலில் லாபம் குறைவு. 10 டிகிரி குறைந்தால் காற்று ஏறக்குறைய 3 சதவீதம் அடர்த்தியாகும், அவ்வளவுதான். டர்போ அதை மறுபடி சூடாக்கும், இன்டர்கூலர் ஆற்றும். மேலும் டீசல் எஞ்சினின் சக்தி ஊற்றும் டீசலைப் பொறுத்தது. கணினியில் டீசல் அளவைக் கூட்டும் டியூனிங் செய்யாமல் காற்றை மட்டும் கூட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூடிய பெட்டியோடு வருவதை வாங்குங்கள். கே அண்ட் என் என்றாலே பெரும்பாலும் எண்ணெய் தடவிய பருத்தித் துணிதான். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் எண்ணெயை அளவாகத் தடவத் தெரிய வேண்டும். ஏஎஃப்இயில் எண்ணெய் வகையும் உண்டு, புரோ டிரை எஸ் என்ற உலர் வகையும் உண்டு. நம் தூசிக்கு நான் உலர் வகையைத்தான் சொல்வேன்.

நான் வண்டியோடு வந்த பெட்டிக்கே திரும்பிவிட்டேன். காகித ஃபில்டர் 100 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது, காய்ந்த மாதங்களில் சீக்கிரமே மாற்றிவிடுவேன். பலமான காற்றழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், காகிதம் கிழிந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குப் பின்னால் அடிக்கடி போகிறவர்களுக்கு, கூரை வரை உயர்ந்து காற்றை இழுக்கும் ஸ்னோர்கல் குழாய் உதவும், அந்த உயரத்தில் தூசி குறைவு. குழாய் மூட்டுகளில் மட்டும் காற்று கசியக் கூடாது.

எதைப் போட்டாலும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.