ஜப்பானிலும் மீம் பங்குகள் உண்டா? கேம்ஸ்டாப் போல அங்கே ஏதாவது நடந்திருக்கிறதா?

உண்டு. மீம் பங்கு என்றால் லாபக் கணக்கைவிட இணையக் கேலியும் கூட்டத்தின் உற்சாகமும் விலையை ஏற்றிவிடும் பங்கு. ஆனால் 2021 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்ததையே மனதில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே சிறு முதலீட்டாளர்கள், கேம்ஸ்டாப் என்ற வீடியோ விளையாட்டுக் கடை நிறுவனத்தின் பங்கை வாங்கிக் குவித்து, பெரிய நிதி நிறுவனங்களுக்குப் பாடம் புகட்டக் கிளம்பினார்கள். கேலிப் படங்கள் அந்தச் சண்டைக்கு முரசு கொட்டின. ஜப்பானிய இணையத்தின் சுபாவம் வேறு. டோக்கியோ சந்தையை நெடுநாளாகத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே கேலி தன்னைப் பார்த்து அல்லது சகுனத்தைப் பார்த்துத்தான். எதிரி என்று அநேகமாக யாரும் இருப்பதில்லை.

சகுனத்திலிருந்தே தொடங்குகிறேன், எனக்குப் பிடித்தது அதுதான். ‘ஜிப்லி விதி’ என்று ஒன்று உண்டு. ஜப்பானின் நிப்பான் டிவியில் வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குத் திரைப்படம் போடுவார்கள். அன்று ஸ்டுடியோ ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் படம் வந்தால் யென் மதிப்பு ஏறும், திங்கட்கிழமை பங்குச் சந்தை விழும் என்பது நம்பிக்கை. பூனை குறுக்கே போன கதை என்று தள்ளிவிடத் தோன்றும். கொஞ்சம் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வாஷிங்டன் நேரப்படி காலை 8.30 மணிக்கு வெளியாகும். கோடையில் அது ஜப்பானில் இரவு 9.30 மணி, அதாவது படம் தொடங்கி அரை மணி நேரம். அறிக்கை சொதப்பினால் டாலர் சரியும், யென் ஏறும். யென் ஏறினால் ஏற்றுமதி நிறுவனங்களின் லாபம் குறையுமே என்று திங்கட்கிழமை காலையில் பங்குகளை விற்பார்கள். ஜிப்லி படங்கள் கோடை விடுமுறையில்தான் வரிசையாக ஒளிபரப்பாகும் என்பதால் இரண்டும் ஒரே இரவில் மோதிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பலிக்காத வெள்ளிக்கிழமைகளை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

2013 ஆகஸ்ட் 2 இரவு இந்த விதிக்காகவே எழுதியது போல அமைந்தது. அன்றைய படம் ஹயாவோ மியாசாகியின் ‘லபுதா’. 9.30 மணிக்கு அறிக்கை வந்தது: அமெரிக்காவில் ஜூலை மாதம் சேர்ந்த வேலைகள் 1,62,000. சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. டாலர் உடனே யென்னுக்கு எதிராகச் சரிந்தது. படத்தின் முடிவில் சிறுவனும் சிறுமியும் கைகோத்து ‘பருசு’ என்ற மந்திரத்தைச் சொல்ல, வானத்தில் மிதக்கும் கோட்டை இடிந்து விழும். அந்த நொடியில் பார்வையாளர்களும் அதே சொல்லைத் தட்டச்சு செய்து அனுப்புவது ஜப்பானிய இணையத்தில் ஒரு சடங்கு. அன்றிரவு 11 மணி 21 நிமிடம் 50 வினாடியில், ஒரே வினாடிக்குள் 1,43,199 ட்வீட்டுகள் போயின. அந்நாட்களில் ட்விட்டரில் சராசரி வினாடிக்கு 5,700தான். அப்போது உலகச் சாதனை. திங்கட்கிழமை டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கெய் குறியீடும் இறங்கியது. மந்திரம் கோட்டையோடு சந்தையையும் சேர்த்து இடித்துவிட்டது என்று சிரிக்காமல் எப்படி இருப்பது? பணச் சந்தைக்காரர்களில் பாதிப் பேர், வெள்ளி இரவு தொலைக்காட்சி முன் உட்காருவதற்குச் சாக்காகத்தான் இந்த விதியைக் காப்பாற்றி வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்தது பாண்டா பங்குகள். டோக்கியோவின் உயேனோ விலங்குக்காட்சி சாலையில் பாண்டாக்கள் இருந்த காலத்தில், ஒன்று கருவுற்றிருப்பதாகச் செய்தி வந்தால் போதும், அந்த வட்டாரத்தின் இரண்டு உணவகப் பங்குகள் துள்ளின: தோதென்கோ என்ற சீன உணவகம், 1872இல் தொடங்கிய செய்யோகென் என்ற மேற்கத்திய உணவகம். குட்டி பிறந்தால் கூட்டம் வரும், கூட்டத்துக்குப் பசிக்கும் என்பதுதான் மொத்த ஆய்வறிக்கையும்! 2017இல் ஷின் ஷின் என்ற பாண்டா கருவுற்றதற்கான அறிகுறிகள் தெரிந்தபோதும் இதுவே நடந்தது. அந்த ஜூன் 12இல் குட்டி பிறந்தது. லாபக் கணக்கு இந்தத் துள்ளலைத் தாங்காது என்று வாங்கியவர்களுக்கும் தெரியும். தெரிந்தே விளையாடியதால்தான் உண்மையான மீம் பங்கு இதுதான் என்பேன்.

வீடியோ விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் கதை இவ்வளவு இனிமையாக முடியவில்லை. 2016 ஜூலையில் போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு வெளிவந்ததும் பங்கு விலை சில நாட்களிலேயே இரட்டிப்பானது. அந்த விளையாட்டை உருவாக்கியது நயாண்டிக் என்ற வேறொரு நிறுவனம், நின்டெண்டோவின் வருமானத்தில் பெரிய மாற்றம் வராது என்று நிறுவனமே ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறிவிக்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை, ஜூலை 25, விலை ஒரே நாளில் 5,000 யென் விழுந்து நின்றது. ‘நின்றது’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டோக்கியோ சந்தையில் ஒரு பங்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. முந்தைய நாள் 1,000 யென்னில் முடிந்த பங்கு மறுநாள் 300 யென்னுக்கு மேல் அசையாது. கேம்ஸ்டாப் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் பாய்ந்ததைப் போன்ற காட்சி அங்கே அபூர்வம் என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நாயகன் யாருமே இல்லையா என்றால், ஒருவர் இருக்கிறார். 2005 டிசம்பர் 8 அன்று மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில், ஜேகாம் என்ற நிறுவனத்தின் பங்கு ஒன்றை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதில் 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கும்படி தட்டிவிட்டார்கள். அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த பங்குகளே 14,500தான். மிசுஹோவுக்குச் சுமார் 4,000 கோடி யென் நஷ்டம். 2சேனல் என்ற இணைய விவாதத் தளத்தில் பிஎன்எஃப் என்ற புனைபெயரில் எழுதிவந்த 27 வயது இளைஞர், சில நிமிடங்களில் அந்த மலிவுப் பங்குகளை வாங்கிக் குவித்து, சுமார் 200 கோடி யென் லாபம் பார்த்தார். இணையம் அவருக்கு ‘ஜேகாம் ஆசாமி’ என்று பட்டம் சூட்டியது.

கேலியாகத் தொடங்கிய டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தின் சின்னமான நாயும் ஜப்பானியப் பிரஜைதான். சிபா மாகாணத்துச் சகுரா நகரில் வளர்ந்த கபோசு, 2024 மேயில் இறந்தது. ஆனால் அந்தக் கேலி அமெரிக்கத் தயாரிப்பு. ஜப்பானியர்களின் சொந்தச் சரக்கு, 2சேனலில் எழுத்துக்குறிகளால் வரைந்த மோனா பூனையின் பெயரில் வந்த மோனாகாயின் என்ற கிரிப்டோ நாணயம்.

இன்றைக்கு கேம்ஸ்டாப்புக்கு மிக நெருக்கமானது எது என்றால் மெட்டாபிளானட். ஹோட்டல் நடத்திய நிறுவனம், 2024 ஏப்ரலில் பிட்காயின் வாங்கிக் குவிக்க ஆரம்பித்தது. பங்கு விலை மளமளவென்று ஏறி 2025 ஜூனில் உச்சத்தைத் தொட்டது, பிறகு பாதிக்கும் கீழே போனது. இப்படிக் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகிறவர்களை ஜப்பானியர்கள் ‘வெட்டுக்கிளிகள்’ என்பார்கள். நஷ்டத்தில் விற்க மனமில்லாமல் வைத்திருப்பதை ‘உப்பில் ஊறப்போடுவது’ என்பார்கள். அந்த ஜூன் மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் இன்னும் ஜாடி நிறைய இருக்கிறதோ!