குதிகாலின் பின்புறப் புடைப்பு: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். புதிய தோல் ஷூ அணியத் தொடங்கிய பிறகு குதிகாலின் பின்புறம் கல் போலப் புடைத்து வலிப்பதாகவும், இது குதிமுள்ளா, அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

குதிகால் எலும்பில் முள் போல வளரும் குதிமுள் பெரும்பாலும் குதிகாலின் அடியில் வலிக்கும். நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால், சுவீடன் மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்டின் பெயரால் வழங்கும் ஹாக்லண்ட் புடைப்பாக இருக்கலாம் என்று தோன்றுகிறது; பக்கவாட்டு எக்ஸ்ரே அதைத் தெளிவாக்கும். குதிகால் எலும்பின் மேல்விளிம்பு இயல்பாகவே சற்றுத் துருத்தியிருப்பவர்களுக்கு, ஷூவின் விறைப்பான பின்விளிம்பு அங்கேயே ஓயாமல் உரசுவதால், எலும்புக்கும் குதிநாணுக்கும் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாண்) இடையிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கிச் சிவந்து வலிக்கிறது. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் வலி இன்னும் கூடும்.

முதலில் அந்த ஷூவைத் தயவுசெய்து ஒதுக்கிவிட்டு, பின்பக்கம் திறந்த செருப்பு அணியுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். இரு காலணிகளிலும் சிறு குதிகால் திண்டு வைப்பதும், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை மெல்ல நீட்டுவதும் உதவும். ஆனால் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சி இந்த நிலையில் வலியைக் கூட்டிவிடும். எலும்பு கரையாது என்றாலும், பலருக்கு வலி இவற்றாலேயே அடங்கிவிடுகிறது. குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம். சில மாதங்கள் முறையாகச் சிகிச்சை செய்தும் வலி குறையாதவர்களுக்கே அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள்.

காய்ச்சலுடன் வீங்கினாலோ, திடீரென்று 'படக்' என்ற சத்தத்துடன் கால் தளர்ந்தாலோ, அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.